வெப்பம் எங்கே போகிறது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் எமது மருமகன், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் கொப்பியொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எம்மிடம் வந்தான். கவிதை எழுதி வந்திருக்கிறானோ என்று ஒரு கணம் அஞ்சினோம். அச்சம் வீணாயிற்று. கொப்பியில் இருந்தது ஒரு கணினியின் திட்டம்: கடையில் ஆயத்தமாக வாங்குவதன்று, உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்துத் தானே பூட்டப்போகும் கணினி, அதுவும் தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்பதே அவன் வேண்டுகோள். முப்பது ஆண்டுகள் பௌதிகம் படிப்பித்தவர் என்ற முறையில் எமக்கு இத்தகுதி உண்டென அவன் நம்பினான்.

"என்னத்துக்கடா இவ்வளவு பெரிய மிசின்?" என்று கேட்டோம்.

"விளையாடத்தான் மாமா. வேறை என்னத்துக்கு?"

படிப்புக்கென்றோ தொழிலுக்கென்றோ ஒரு பொய்யை அவன் சொல்லியிருக்கலாம். நாமும் மனநிம்மதியோடு நம்பியிருப்போம். அவன் சொல்லவில்லை. முற்போக்குப் பேசும் எம்போன்ற ஆசிரியரிடம் ஒரு பழைய நோய் உண்டு: ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கவேண்டும், உழைக்கவேண்டும், உயரவேண்டும் என்போம், அவன் விளையாடினால் முகஞ்சுளிப்போம். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர் மீதி நேரத்தில் ஓய்வையும் களிப்பையும் கேட்டனர் என்பது மேடையில் மட்டும் எமக்கு நினைவிருக்கும். ஆகவே பிரசங்கத்தை விழுங்கிவிட்டுக் கொப்பியைத் திறந்தோம்.

திறந்தபின் மூட மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பொருத்தம் பார்த்தல் என்பது எமது சமுதாயத்திலே சாத்திரியாரின் தொழிலாக இருந்து வருவது. ஆனால் இந்தக் கொப்பியிலிருந்த பொருத்தங்கள் அளவுகோலுக்கும் தர்க்கத்துக்கும் உட்பட்டவை. அவன் தெரிந்த புரொசசர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7 9800எக்ஸ்3டி; 2024 நவம்பரில் வெளிவந்தது. அதனை ஏற்பது ஏ.எம். 5 எனப்படும் இருக்கை மட்டுமே. 1718 தொடுகைகள் கொண்ட அவ்விருக்கை இல்லாத மதர்போட்டில் அது அமராது. அந்த மதர்போட்டில் டி.டி.ஆர். 5 வகை றாம் மாத்திரமே பொருந்தும். டி.டி.ஆர். 4 இற்கும் தொடுகைகள் 288தான். நீளமும் ஒன்றே போல. ஆயினும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளே இறங்காது. தமையன் விட்டுப்போன பழைய கணினியின் றாமைப் பயன்படுத்தலாம் என்று அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பு அந்த வெட்டிலேயே தடுக்கி விழுந்தது.

முதற்றிட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. தண்ணீர்க் குளிர்விப்பு புரொசசருக்கு மட்டும். கிராபிக்ஸ் காட்டுக்கு அதனோடு வரும் விசிறிகள். அவன் குறித்திருந்த காட்டோ என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5090, 2025 சனவரி இறுதியில் 1,999 டொலர் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. அது உண்ணும் மின்வலு 575 வாற்று. புரொசசருக்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவோ 120 வாற்று. "சின்னவனுக்குக் குளிப்பாட்டு, பெரியவனுக்கு விசிறியா?" என்று கேட்டோம். அன்றிரவு முழுவதும் திட்டம் மாறியது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே நீர்ச்சுற்று, செம்பினாலான இரண்டு வாட்டர் புளொக், 360 மி.மீ. றேடியேற்றர் இரண்டு, ஒன்று மேற்கூரையில், மற்றது முன்புறத்தில்.

இங்கே பொருத்தங்கள் பெருகின. கிராபிக்ஸ் காட்டின் புளொக் அந்தக் காட்டின் தகட்டமைப்புக்கென்றே வெட்டப்படுவது. ஒரே 5090 ஆயினும் வேறு உற்பத்தியாளரின் தகட்டில் அது பெரும்பாலும் அமராது. மேற்கூரை றேடியேற்றரும் விசிறியும் சேர்ந்து ஐம்பது மி.மீ. இற்கு மேல் கீழிறங்கும். உயரமான றாம் அங்கே முட்டும். பெட்டி 400 மி.மீ. நீளமான காட்டை ஏற்கும் என்று விளம்பரம் சொல்லும். முன்புறத்தில் 27 மி.மீ. தடிப்பான றேடியேற்றரையும் 25 மி.மீ. விசிறியையும் வைத்தால் மிஞ்சுவது 348தான் என்பதை விளம்பரம் சொல்லாது. றேடியேற்றரில் அலுமினியமும் புளொக்கில் செம்பும் கலந்தால், இரண்டு உலோகமும் ஒரு கரைசலும் சேர்ந்து மின்கலத்தின் வேலையைத் தொடங்கிவிடும், அலுமினியம் அரிக்கப்படும். ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக்கம்பியும் குத்திக் காட்டிய பாடம்! அதைப் படித்த காலத்தில் கொட்டாவி விட்ட பிள்ளை இப்போது அதற்காகப் பட்டியலையே மாற்றி எழுதினான். காட்டுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் இணைப்பியைப் பற்றியும் எச்சரித்தோம். 2022 இல் ஆர்.டி.எக்ஸ். 4090 காட்டுகள் சிலவற்றில் இவ்வகை இணைப்பி உருகியமையால் அடுத்த ஆண்டு அதன் அமைப்பைத் திருத்தினர். திருத்திய பின்னும் அதனைக் கடைசிவரை அழுத்திப் பூட்டுவதே உத்தமம். நீரை நிரப்பியதும் ஏனைய உறுப்புகளுக்கு மின் கொடாது பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளின் கீழே மெல்லிய கடதாசி விரித்து ஈரம் பார்க்கவேண்டும் என்றும் குறித்துக்கொண்டான்.

தண்ணீரால் கணினியைக் குளிர்வித்தல் புதிய மோகமன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்ரம் 360 மொடல் 91 நீரால் குளிர்விக்கப்பட்டது. 1985 இல் வந்த கிறே 2 தன் சுற்றுகள் முழுவதையும் மின் கடத்தாத் திரவமொன்றில் அமிழ்த்தி வைத்திருந்தது. அவை அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உரியவை. இன்று ஒரு கிராமத்துப் பையன் தன் கொப்பியில் அதனை வரைகிறான். இதனை வளர்ச்சியென்று சொல்ல எமக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வந்தது வேறிடத்தில். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. நிறைக்கு நிறை காற்றிலும் நான்கு மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கவல்லது என்பதே அதன் பெருமை. தோட்டத்து இறைப்பில் நீர் கிணற்றிலிருந்து வாய்க்காலுக்குப் போய் மண்ணில் சுவறிவிடும். இங்கே அதே நீர் புளொக்கில் வெப்பத்தை ஏற்றி, றேடியேற்றரில் இறக்கி, மீண்டும் சுமக்க வருகிறது. இறக்கிய சுமை அறைக்குள் கிடக்கிறது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே அந்த நீர் ஒருபோதும் இறங்காது. கூட்டிப் பார்த்தோம்: காட்டுக்கு 575, புரொசசருக்கு 120, பம்பு விசிறி முதலியவற்றுக்கு ஏறத்தாழ 60, முழு வேகத்தில் ஓடினால் 750 வாற்றுக்கு மேல். பத்தடிக்குப் பத்தடி அறை, மேலே சீற்றுக் கூரை, சித்திரை மாதம். ஒரு சிறிய மின்னடுப்பைக் கட்டிலுக்கருகே மூட்டி வைப்பதற்கும் இதற்கும் பௌதிகம் வேறுபாடு காண்பதில்லை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 112 அலகு மின்சாரம். எமது தங்கையின் வீட்டில் முழு மாதமும் எரிவது அறுபது அலகு; அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. அந்நாட்களில் குப்பி விளக்கில் படித்தவன்தான் இவனும்.

விலையைக் கூட்டியபோது பதினெட்டு இலட்சம் ரூபா வந்தது. 2022 இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவாக இருந்தது அவ்வாண்டு மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பின்னர் சற்று இறங்கினும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பெறுமதி சேர் வரி 2024 முதல் நூற்றுக்கு 18. இவை போதாதென்று, கொப்பி எழுதப்பட்ட சில வாரங்களுள் றாமின் விலை இரட்டிக்கும் கூடுதலாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெருமூலதனம் அமைக்கும் தரவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டன. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண நுகர்வோருக்கு விற்றுவந்த தனது குருசல் வியாபாரத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்துவிட்டது. எங்கோ ஒரு தரவு நிலையத்தின் பசிக்கு இங்கே ஒரு கொப்பியின் நான்காவது வரி வெட்டப்படுகிறது. சந்தைப் பொருளாதாரத்தைப் பற்றி நாம் வகுப்பில் விளக்கியவை அவனுக்கு ஞாபகமில்லை, இது ஞாபகமிருக்கும்.

அந்தப் பதினெட்டு இலட்சத்தை அனுப்பச் சம்மதித்தவன் அவனுடைய தமையன். கட்டாரில் கட்டட வேலை. இதைப் பிந்திச் சொல்வது எமது தவறுதான். பொருத்தம் பார்க்கும் உற்சாகத்தில் நாமும் பணத்தின் பிறப்பிடத்தை மறந்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவனுடைய ஓய்வு நாளில், தொலைபேசியில் பேசினான். "காட்டுக்கும் தண்ணி பூட்டுறானாம் மாமா, சொன்னவன்," என்று சிரித்தான். வேலை எப்படி என்று கேட்டோம். வெயிற்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்குவதாகவும், கழுத்தில் ஈரத்துவாய் சுற்றிக்கொள்வதாகவும் சொன்னான். கட்டாரில் 2021 இல் வந்த விதியின்படி யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வெயில், ஈரப்பதன், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பநிலை 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமாயினும் வேலையை நிறுத்தவேண்டும். நல்ல விதி. "அந்த மீற்றரை ஆர் பாக்கிறது மாமா? எங்கடை இடத்திலை நான் கண்டதில்லை," என்றான். பிறகு தம்பியிடம், "நீ எடு தம்பி, யோசியாதை," என்றான்.

9800எக்ஸ்3டி புரொசசர் 95 பாகையை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேற்பார்வையாளரைக் கேட்பதில்லை. சம்பளமும் வெட்டப்படுவதில்லை. இவ்வசதி சில்லினுள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதனை நாம் மருமகனிடம் சொல்லவில்லை. அவனே இரண்டு நாள் கழித்து வேறொரு யோசனையோடு வந்தான்.

"மாமா, றேடியேற்றரை அறைக்கு வெளியாலை வைச்சால் என்ன? நீளக் குழாய் போட்டுச் செய்யிறாங்கள். அறை சூடாகாது."

நல்ல யோசனை; பௌதிகத்துக்கு ஒவ்வாதது ஒன்றும் அதில் இல்லை. குழாய் நீண்டால் பம்பின் வலு போதுமா என்பதே கேள்வி.

"வெளியாலை எண்டால் எந்தப் பக்கம்?"

"யன்னல் பக்கம்."

"அந்த யன்னலுக்கு அங்காலை என்ன இருக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. அங்கே பத்தியில் எமது தங்கையின் தையல் மெசின் இருக்கிறது. பகல் முழுவதும் பாடசாலைச் சட்டைகள் தைப்பாள். அந்தப் பக்கம்தான் கொஞ்சம் காற்று வரும்.

சிறிது நேரம் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "ஆடியிலை அண்ணா லீவிலை வாறார்," என்றான். தமையன் வந்தால் படுப்பது இவனோடு அந்த அறையில்தான்.

575 என்று எழுதிய வரியை வெட்டினான். அதன் மேல் ஆர்.டி.எக்ஸ். 5070 என்று எழுதி, பக்கத்தில் 250 வாற்று என்று குறித்தான். றேடியேற்றர் இரண்டும், பம்பும், குழாய்களும், புளொக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றின் இடத்தில் விசிறியோடு கூடிய சாதாரண கூலர் வந்தது. பவர் சப்ளை 1000 இலிருந்து 750 இற்கு இறங்கியது. கூலரின் உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்று நாம் கேட்குமுன்னரே அளவைப் பார்த்துச் சரி என்றான். முன்னைய தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று மேலாக வந்தது. மிச்சத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பக்கவாட்டில் கண்ணாடி போட்ட பெட்டியை மட்டும் விடமாட்டேன் என்றான். தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதற்கென்று தெரிந்தெடுத்தது அது. இனி அதற்குள் ஓடுவதற்குத் தண்ணீர் இல்லை. நாமும் வற்புறுத்தவில்லை.