ஆடுகளத்தில் ஓரிடம்

கல்லூரி என்பது வகுப்பறைகளால் மட்டும் அமைவதன்று. அதன் மறுபாதி விளையாட்டு மைதானம். பழைய மாணவர் தம் பள்ளிப் பருவத்தை நினைவுகூருங்கால் முதற்கண் நாவில் வருவது இலக்கணச் சூத்திரமன்று. இல்ல விளையாட்டுப் போட்டியும் அஞ்சலோட்டமுமே. தமிழாசிரியனாகிய யானும் இதனை மனமுவந்து ஒப்புகின்றேன். ஆயின், அத்தகைய நினைவு ஒன்றேனும் இன்றிப் பள்ளியை விட்டு நீங்கும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்பொருட்டே இச்சிறு கட்டுரை.

யான் கற்பித்த மாணவருள் கால் வலுவற்ற ஒருவன் இருந்தான். செய்யுளை இருமுறை கேட்டால் பிழையற ஒப்புவிப்பான். விளையாட்டுப் போட்டியன்று அவனுக்குப் பந்தலின்கீழ் நல்ல நாற்காலியும், முடிவில் ஆறுதற் பரிசும் கிடைக்கும். ஓராண்டு பரிசோடு வந்தவன், “சேர், நான் எதிலும் சேரவில்லையே, இது எதற்கு?” என்று வினவினான். அங்கிருந்த பெரியோர் எவரும் விடை கூறவில்லை. அவன் வேண்டியது பரிசன்று, தன் முறை.

உடற்குறை இன்பத்திற்குத் தடை என்னும் எண்ணம் தமிழ் மரபுக்கு ஒவ்வாதது. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவர் வழிகாட்ட, பார்வையற்றவர் அவரைத் தோளிற் சுமந்து ஊர்தோறும் சென்றார் என்பது வரலாறு. ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடிப்பாராம். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவ்விருவர் கொடை. குறையைக் கண்டு இரங்கி ஒதுக்கியிருப்பின் அந்நூல்கள் நமக்குக் கிடைத்திரா.

விளையாட்டிலும் இதுவே உண்மை. பார்வையற்றோர் துடுப்பாட்டத்தில் பந்தினுள் சிறு உலோகக் குண்டுகள் இடப்பெறும். உருளுங்கால் எழும் ஓசையே ஆடுவோர்க்குக் கண்ணாகும். பந்தை வீசுவோர் முன்னரே குரல் கொடுத்துத் தாழ்வாக உருட்டி வீசுவர். முற்றாகப் பார்வையற்றவர் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணிக்கப்பெறும். இவ்விளையாட்டுக்கு 1998 இல் டில்லியில் உலகக் கிண்ணப் போட்டியே நடைபெற்றது. மாற்றப்பட்டது ஆட்டத்தின் விதி, ஆடுவோரின் ஊக்கமன்று.

நம் நாட்டிற்கும் இதிற் பெருமையுண்டு. 2012 இல் இலண்டன் பராலிம்பிக் போட்டியில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். தோக்கியோ நகரில் 2021 இல் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, உலக சாதனையோடு இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை ஈட்டினார். அவர் இராணுவத்தைச் சார்ந்தவர். பயிலக் களமும் பயிற்றுவிப்போரும் அவருக்கு வாய்த்தன. அதே போரிற் கால் இழந்த குடிமக்களும், பிறப்பிலேயே குறையுற்ற கிராமத்துச் சிறாரும் இந்நாட்டில் எத்துணைபேர்! அவர்க்குக் களம் எங்கே?

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30 ஆம் உறுப்புரை, பாடசாலை உட்பட எங்கும் சிறுவர் அனைவரும் சமமாக விளையாட வழிசெய்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும் சட்டம் தாளில் உளது. நம் மைதானத்து வாயிலிலோ படிக்கட்டே உளது.

மதுரங்குளியில் வாழும் நமக்கு வாவியும் கடலும் அண்மையன. விடுமுறை வந்தால் கற்பிட்டிக்கும் உடப்புக் கரைக்கும் குடும்பத்தோடு செல்வோம். சக்கர நாற்காலியில் இருப்பவரோ மணல் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுவர். சக்கரம் மணலிற் புதையும். சென்னை மெரீனாவிலும் இந்நிலையே இருந்தது. மாற்றுத்திறனாளர் பல்லாண்டு கோரியதன் பயனாக, 2022 நவம்பரில் ஏறத்தாழ 263 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடைய மரப்பாதை அங்குத் திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது; மீளவும் திருத்தினர். அண்மையில் நின்று அலையைக் காணும் பேறு பலர்க்கு அப்பாதையாற் கிட்டியது.

விழாக் கொண்டாடும் பழைய மாணவ அன்பர்காள்! நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணம் உமக்கு இருக்குமாயின், மைதானத்து வாயிலில் ஒரு சரிவுப்பாதை அமையுங்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது உலகிற் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. நம் ஊர்க் கொத்தனார் ஓரிரு நாளில் முடித்துவிடுவார். ஓசைப் பந்து ஒன்று வாங்குங்கள். அமர்ந்தபடியே குண்டெறியும் போட்டி ஒன்றை நிகழ்ச்சி நிரலிற் சேருங்கள்; அதற்கும் இல்லப் புள்ளி வழங்குங்கள். தன் புள்ளியால் தன் இல்லம் வென்றது என்று ஒரு பிள்ளை வீட்டிற் சென்று சொல்லும் நாளே, நம் கல்லூரி தன் பிள்ளைகள் அனைவர்க்கும் தாயாகும் நாள்.