இருவர், இப்பரு, பெர்ட்

மைசூருக்கு வந்த புதிதில் நம்மவர்கள் கன்னடத்தில் தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒந்து, எரடு, மூரு என்று எண்ணப் பழகியிருப்போம். அந்தத் தைரியத்தில் ஓட்டலில் போய் "எரடு ஜன" என்போம். சர்வருக்குப் புரியும். ஆனாலும் "இப்பரா?" என்று திருப்பிக் கேட்பார்.

எரடு என்பது நாற்காலிக்கு, இட்லிக்கு. மனிதர் என்றால் இப்பரு. ஒப்பரு, இப்பரு, மூவரு, நால்வரு, ஐவரு என்று வரிசை போகும். அதற்கு மேல் ஆறு ஜன, ஏழு ஜன. பேச்சில் மூரு ஜன என்பதும் உண்டு. ஆனால் ஒப்பருவையும் இப்பருவையும் யாரும் விடுவதில்லை.

ஐந்தாவது படிக்கும் என் மகளுக்கு இதில் ஒரு சந்தேகம். "தமிழ்ல ரெண்டு நாற்காலி, ரெண்டு பாட்டி, எல்லாத்துக்கும் ஒரே ரெண்டுதானாப்பா? மனுஷங்களுக்குன்னு தனியா இல்லையா?"

இல்லாமல் என்ன! ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், ஒன்பதின்மர், பதின்மர். கன்னடப் பேச்சு ஐந்தோடு நிறுத்துவதை நாம் பத்து வரை வைத்திருக்கிறோம். 'ஒருவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தொல்காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது. என்ன, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. வாயில் மிச்சம் இருப்பது ஒருத்தன், ஒருத்தி, ஒருத்தர். இரண்டிலிருந்து "பேர்" வந்துவிடுகிறது. பேர் என்றால் பெயர்தானே, ஆளைப் பெயரால் எண்ணுகிறோம் என்று சமாதானம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

கோயில் மட்டும் இந்தச் சொற்களை விடவில்லை. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் விழா. இங்கே பக்கத்தில் நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலிலும் நாயன்மார்கள் வரிசையாக நிற்கிறார்கள். கன்னடத்தில் அவர்கள் அரவத்தமூவரு. மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் படித்த கன்னடமும் நான் சொன்ன தமிழும் ஒரே சொல்லாக அங்கே நின்றன.

இந்தப் பழக்கம் நம் பக்கத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. மச்சினன் குடும்பம் அயர்லாந்தில் இருக்கிறது. அவர் மகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள். அதில் பொருளுக்கு ஓர் எண், ஆளுக்கு வேறு சொல். இருவர் என்றால் பெர்ட், மூவர் என்றால் ட்ரூர். இப்படியே பத்து பேர் வரை போகிறது. நமக்கும் அவர்களுக்கும் மொழியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 2022 கணக்கெடுப்பில் பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 72,000 பேர்தான். பாடப்புத்தகம் ஒரு சொல்லைக் காப்பாற்றலாம், அதைப் பேசவைக்க வீடுதான் வேண்டும்.

எங்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கினால் "எய்தர் ஆர் சர்வைவர்" என்று எழுதுவோம். இருவரில் ஒருவர், அல்லது பிழைத்திருப்பவர். ஆயிரம் படிவத்தில் இதற்கு டிக் போட்டிருப்பேன். சில மாதம் முன்பு ஒரு பெரியவர் மனைவியின் இறப்புச் சான்றிதழோடு வந்தார். கணக்கில் எத்தனை பேர் என்று கேட்டேன். "இப்பரு இத்வி சார். ஈக ஒப்பனே" என்றார். இரண்டு பேர் இருந்தோம், இப்போது ஒருத்தன்தான்.

இரண்டிலிருந்து ஒன்று போனால் ஒன்று என்று பி.காம். வரை படித்தவன் நான். இருவரில் ஒருவர் போனால் மிஞ்சுவதை "ஒன்று" என்று சொல்ல முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு. ஆளை எண்ணும்போது இருவர், மூவர் என்றே சொல்ல வேண்டும். முதலில் நாடக வசனம் மாதிரி இருந்தது, சிரித்தோம். இப்போது பழகிவிட்டது. ஒன்பதின்மர் வர விருந்தாளிகள்தான் வேண்டும்!

உங்கள் வீட்டில் ஆட்களை எப்படி எண்ணுகிறீர்கள்? தெலுங்கு தேசத்தில் இருப்பவர்கள் இத்தரு, முக்குரு பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.