வம்சாவளி எழுதத் தொடங்கியபோது



ஷஅபான் விடுமுறைக்கு முன்னர் எமது மதரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்ற நால்வர், அந்த நால்வரைப் பெற்ற எண்மர் ஆகியோரின் பெயர்களை வீட்டில் கேட்டு எழுதி வரவேண்டும். வந்த தாள்களில் தந்தைவழி ஆண்களின் பெயர்கள் ஓரளவு நிரம்பியிருந்தன. பெண்களுக்குரிய கட்டங்களோ பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. "கொள்ளுப்பாட்டி பேர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, உஸ்தாத்" என்றாள் ஒரு சிறுமி. பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் எமது தாளை எடுத்து எழுதிப் பார்த்தோம். எட்டில் ஐந்து பெயர்களே தெரிந்தன. விடுபட்ட மூன்றும் பெண்களின் பெயர்கள்.

வம்சத்தை அறிவது வீண் பெருமைக்காக அன்று. மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கிறது. மேன்மை இறையச்சத்தில்தான் என்றும் அதே வசனம் முடித்துவைக்கிறது. இரத்த உறவைப் பேணும் அளவுக்கு வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாகத் திர்மிதியில் காண்கிறோம். ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் குறைஷிகளின் வம்சாவளியை நன்கறிந்தவர்களாகப் புகழ் பெற்றிருந்தார்கள்.

ஆகவே நாமும் தொடங்கினோம். முதல் வேலை, உயிரோடிருக்கும் முதியவர்களிடம் சென்று அமர்வது. தாள்கள் காத்திருக்கும், முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் அவர்களுக்கு விடை வராது. "மேட்டூர் அணை கட்டி முடித்தபோது தாதா பிறந்திருந்தாரா?" என்று கேட்டால் வரும். அந்த அணை 1934இல் முடிந்தது என்பதை நாம் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். யார் யாருக்குப் பாலூட்டினார்கள் என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும். பால்குடி உறவில் நிக்காஹ் கூடாது என்பதால், இந்த நினைவு அழிந்தால் நஷ்டம் நமக்கே.

அடுத்தது தாள்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் தந்தை பெயரும் சாட்சிகளின் பெயரும் கிடைக்கும். கப்ருஸ்தானின் பழைய மீஸான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். நிலக் கணக்குகளில் பசலி ஆண்டு இருந்தால் அதனோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பென்னாகரத்துக் குடும்பங்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதற்கு முந்திய பத்திரங்களில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். ஒருவரே ஒரு தாளில் சாயபு, மற்றொன்றில் சாகிப், வேறொன்றில் சாஹிப் என்று வருவார். மூவர் என்று எண்ணி மயங்கிவிடக் கூடாது.

எமது குடும்பத்தில் மிக மூத்தவரான பெரியம்மாவிடம் அமர்ந்திருந்த ஒரு மாலையில், அவர் பேச்சோடு பேச்சாக, "உன் தாதாவுக்கு ஒரு தங்கை உண்டே, பாலக்கோட்டில் கொடுத்திருந்தார்கள்" என்றார். நாம் கேட்டறியாத செய்தி அது. வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியில் இருந்த பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பிரித்தோம். தாதாவின் பெயர் இருந்தது; அவருடைய அண்ணன் பெயரும் இருந்தது. நிலம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தங்கையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ஃபராயிழ் பாடத்தைப் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்காட்டி வருகிறோம். மகனுக்கு இரண்டு கூறு, மகளுக்கு ஒரு கூறு. தாயார் முன்னரே மறைந்துவிட்டதால் இரண்டு சகோதரர்களும் ஒரு சகோதரியுமே வாரிசுகள். சொத்து ஐந்து கூறாக வேண்டும். தாதாவுக்கு உரியது ஐந்தில் இரண்டு. அவர் பெற்றதோ பாதி. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் வழியாக எமக்கு வந்த நிலத்தில் ஐந்து சென்டுக்கு ஒரு சென்ட் அந்தத் தங்கையுடையது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாரா? சீர் கொடுத்தாயிற்று என்று சொல்லி வாயடைத்தார்களா? கேட்பதற்கு அவரும் இல்லை, தாதாவும் இல்லை. விட்டுக்கொடுத்ததற்கு எழுத்தோ சாட்சியோ இல்லாதபோது, எமக்குச் சாதகமாக எண்ணிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. தம்பியிடம் சொன்னோம். "பழைய கணக்கை ஏன் கிளற வேண்டும்?" என்று முதலில் வருந்தினார், மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவரே, "பாலக்கோட்டுக்கு எப்போது போகலாம்?" என்று கேட்டார்.

விசாரித்துச் சென்றபோது அந்தத் தங்கையின் பேரர்கள் எம்மை அன்போடு வரவேற்றார்கள். நிலத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "தாதிமா பிறந்த ஊரல்லவா!" என்றார்கள். அவருடைய பெயரைக் கேட்டு எமது தாளில் தாதாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினோம். பிறகு கணக்கைச் சொன்னோம். அவர்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள். மறுப்பதும் ஏற்பதும் வாரிசுகள் ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்ல வேண்டியது என்பதால், எல்லோருடைய பெயரையும் வாங்கி வந்துள்ளோம். தம்பியும் நாமும் எங்கள் பங்கில் அந்த ஐந்தில் ஒன்றைத் தொடாமல் ஒதுக்கி எழுதிவைத்திருக்கிறோம்.

வம்சாவளி எழுதத் தொடங்குவோர்க்கு நாம் சொல்வது இதுவே: முதலில் பெண்களின் பெயர்களை எழுதுங்கள். வெறுமையாக நிற்கும் கட்டத்தில் ஒருவேளை ஓர் அமானிதம் காத்திருக்கலாம்.

நம் முன்னோரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக! அவர்கள் விட்டுச் சென்ற கடன்களை நிறைவேற்றும் தௌஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.