எந்த அளவையால் அளக்கிறோம்?

தோப்பு வைத்திருப்பவருக்குத் தம் மரங்களின் கணக்கு மனப்பாடமாய் இருக்கும். எந்தத் தென்னை எத்தனை குலை தள்ளும், எந்த மாமரம் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்ந்திருக்கும் என்பதை ஏட்டைப் புரட்டாமலே சொல்லுவார். ஆயினும் அரசு அலுவலகத்திலோ, வங்கியிலோ, காப்பீட்டு நிறுவனத்திலோ அந்த மனக்கணக்குச் செல்லுபடியாவதில்லை. அங்கே எழுத்தில் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவதற்கு இன்று புதியதொரு கருவி வந்திருக்கிறது. அதுதான் ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானம். நம் ஊர்த் தேர்ப்பவனிகளிலும் திருமண வீடுகளிலும் வண்டுபோல் இரைந்துகொண்டு தலைக்கு மேலே பறந்து படமெடுக்கிறதே, அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

அது மரத்தை எவ்வாறு அளக்கிறது? ஏர் உழுபவர் சால் சாலாய்ப் போய்த் திரும்புவதுபோல, ட்ரோன் தோப்பின்மேல் முன்னும் பின்னும் பறந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் பெரும் பகுதியைத் தன்னுள் கொண்டிருக்கும். ஒரே மரத்தைப் பல கோணங்களில் காட்டும் அப்படங்களைக் கணினி பொருத்திப் பார்த்து, தோப்பின் நீளம், அகலம், உயரம் மூன்றும் அடங்கிய உருவொன்றை அமைக்கிறது. நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு தொலைவை உணர்வதும் இம்முறையாலேயே. மரத்தின் உச்சியிலிருந்து தரைமட்டத்தைக் கழித்தால் உயரம் கிடைக்கிறது. தழைப்பரப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டால் அகலம் கிடைக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் பதியும் கருவியானால், நலமுள்ள மரத்தையும் நலிந்த மரத்தையும் பிரித்துக் காட்டும். ஏனெனில், நலமுள்ள இலை செவ்வொளியை உட்கொண்டு, அகச்சிவப்பு ஒளியை மிகுதியாய்த் திருப்பி அனுப்புகிறது.

ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா பகுதியில் ஒலிவ மரங்களின் உயரத்தையும் பருமனையும் இவ்வாறு கணக்கிட்டு, ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். நம் நாட்டில் மத்திய வேளாண் அமைச்சகம் 2014-இல் ‘சமன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மா, வாழை போன்றவற்றின் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் மதிப்பிட முற்பட்டது. அச்சொல்லுக்கு இந்தியில் தோட்டம் என்பது பொருள். தமிழ்க் காதில் அது நடுவுநிலையைக் குறிப்பதாய் ஒலிப்பது பொருத்தமே.

எண்ணிக்கை சரியாயிருப்பதால் ஏழைக்கு என்ன நன்மை என்று கேட்போர் உண்டு. கஜா புயலைக் கண்ட அறந்தாங்கிப் பகுதி மக்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய அப்புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை ஓர் இரவில் சாய்த்துவிட்டது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என அரசு நிவாரணம் அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாயாகும். ஆகவே ஒவ்வொரு மரமும் எண்ணப்பட வேண்டியதாயிற்று. அலுவலர்கள் தோப்புத் தோப்பாய் நடந்தே எண்ணினார்கள். அந்நாட்களில் நாம் ஆறுதல் சொல்லச் சென்ற வீடுகளில், வாசலில் விழுந்த மரத்தைக்கூட அகற்றாமல் வைத்திருந்தவர்களைக் கண்டோம். கணக்கெடுக்குமுன் அகற்றிவிட்டால் கணக்கில் வராமற் போகுமோ என்ற அச்சமே காரணம். புயலுக்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும் இருந்திருந்தால், அந்த அச்சத்துக்கும், எண்ணிக்கை பற்றிய வாக்குவாதத்துக்கும் இடமே இராது. நிறுப்பதிலும் அளப்பதிலும் அநீதி செய்யலாகாது என்று லேவியர் ஆகமம் பத்தொன்பதாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நேர்மையான அளவை இறைவனுக்கு உகந்தது. அதற்குத் துணைநிற்கும் கருவியை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால் அளவை எவ்வளவு நுட்பமாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்தக் கருவியைப் பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பலா மரங்கள் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், “சாமி, மேலேருந்து பாத்தா தழை தெரியும், பழம் தெரியுமா?” என்று கேட்டார். எவ்வளவு பொருத்தமான கேள்வி! வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலா தன் கனியை நுனிக்கிளையில் தாங்குவதில்லை. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும், சிலவேளை வேரருகிலும் தாங்குகிறது. வானிலிருந்து பார்ப்பவருக்கு அடர்ந்த தழை மட்டுமே தென்படும். கனியைக் காண விரும்புகிறவர் குனிந்து மரத்தின் அடிக்கு வரவேண்டும். மாவுக்கும் ஓரளவு இது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், இரவில் மாமரங்களுக்கிடையே விளக்குடன் வண்டியோட்டிப் படமெடுத்துப் பழங்களை எண்ணும் முறையை வகுத்திருக்கிறார்கள். அங்கும் இலைக்குள் மறைந்த பழங்களுக்காக, சில மரங்களைக் கையால் எண்ணிப் பார்த்தே கணக்கைத் திருத்துகிறார்கள்.

லூக்காஸ் நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையை இவ்விடத்தில் நினைவுகூர்வோம் (13, 6-9). மூன்றாண்டுகளாய்க் கனி இல்லை என்பது உரிமையாளரின் கணக்கு. அது பொய்யான கணக்கன்று. தோட்டக்காரரும் அதை மறுக்கவில்லை. ஆயினும் அவர் மரத்தின் அடியில் நின்று பேசுகிறார். சுற்றிலும் கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். உரிமையாளரின் கணக்கு மரத்தின் நிலையைச் சொல்லிற்று. தோட்டக்காரரின் அன்பு மரத்துக்கு வேண்டியதைச் சொல்லிற்று. இரண்டும் வேண்டும். முதலாவது இன்றி நீதி இல்லை. இரண்டாவது இன்றி மீட்பு இல்லை.

தோப்பின் படத்தில் காணப்படாத மனிதரும் உண்டு. நிவாரணத்துக்கு மரத்தை எண்ணுகிறோம். ஆனால் அம்மரத்தில் ஏறிக் காய் பறித்தவரை, மட்டை உரித்தவரை, கீற்று முடைந்து பிழைத்த விதவைத் தாயை எந்தப் படம் காட்டும்? மரம் சாய்ந்தபோது அவர்கள் பிழைப்பும் சாய்ந்தது. நேர்மையான அளவையைக் கட்டளையிட்ட அதே பத்தொன்பதாம் அதிகாரம், அறுவடையில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுமாறும் கட்டளையிடுகிறது. அளப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒரே இறைவனின் சட்டம்.

குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்று அழைக்கும் மக்கள் நாம். நெட்டைத் தென்னை பலன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்று அறிந்து பொறுமையோடு நீர் வார்க்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமையைக் காட்டுகிறோமா? மதிப்பெண் பட்டியலும் ஓர் அளவைதான். அதைப் பார்க்கவேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் அது மேலிருந்து எடுத்த படம். பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் மனத்தில் எது காய்க்கிறது, எது வாடுகிறது என்று கேட்டறியும் பெற்றோரே அடியில் மறைந்திருக்கும் கனியைக் காண்பார்கள். முதிய பெற்றோரையும், நோயுற்ற அயலாரையும் அவ்வாறே அணுகிப் பார்ப்போமாக.

கஜாவுக்குப் பின் நம் மக்கள் கண்ணீரோடு ஊன்றிய தென்னம்பிள்ளைகள் பல, இன்று பாளை விடும் பருவத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றை அளக்கக் கருவிகள் வரட்டும். கணக்கு நேர்மையாய் இருக்கட்டும். கணக்கு முடிந்தபின் மரத்தடிக்கு வந்து நிற்கும் மனத்தையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.