கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டால் வழுக்கை நிற்குமா?

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் எனக்கு உச்சந்தலையில் முடி கிடையாது.

அதனால் இந்த விஷயத்தில் நான் வெறும் டாக்டர் மட்டும் இல்லை. பாதிக்கப்பட்ட பார்ட்டியும் கூட.

போன வருடம் மழைக்காலம். காய்ச்சல் சீசன். ஓ.பி.யில் கூட்டம் வாசல் வரைக்கும் நிற்கிறது. ஒரு அம்மா தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பையனுக்கு 24 வயது. பனியன் கம்பெனியில் வேலை.

"சாமி, பத்து நாளா சோறு எறங்க மாட்டேங்குதுங்க. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், கேக்கல."

கண்ணைப் பார்த்தேன். நல்ல மஞ்சள். சிறுநீர் டீ டிக்காஷன் மாதிரி போகிறது என்றான். காய்ச்சல் இல்லை. குடிப்பழக்கம் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எஸ்.ஜி.பி.டி. 640. வழக்கமாக 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகள் எல்லாமே நெகட்டிவ்.

"தம்பி, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, ஜிம் பவுடர், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் தலையையும் பார்த்தான்.

"முடிக்குத் தான் சார்…"

பையில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். கீட்டோகோனசோல் 200 மில்லிகிராம். தினம் ஒன்று. ஐந்து வாரமாக.

யார் எழுதிக் கொடுத்தது? யாரும் இல்லை. மூன்று மாதமாகக் கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டிருக்கிறான். முடி கொட்டுவதை அது குறைக்கும் என்று வீடியோவில் பார்த்தது. பொடுகு போய்விட்டது. நெற்றி ஏறுவது மட்டும் நிற்கவில்லை. மெடிக்கலில் அதே பெயரில் மாத்திரையும் இருக்கிறது என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"வெளிய போட்டாலே நல்லதுன்னா, உள்ள சாப்பிட்டா இன்னும் நல்லா கேக்கும்னு நெனச்சேன் சார்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அது என் மீது தான் வந்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த மருந்தின் கதையைப் பார்த்துவிடலாம்.

கீட்டோகோனசோல் ஒரு பூஞ்சைக் கொல்லி. நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வாழ்கிறது. தலையின் எண்ணெய்ப் பசை தான் அதற்குச் சாப்பாடு. சிலருக்கு இதனால் தோல் எரிச்சலாகி, அரித்து, செதில் செதிலாக உதிரும். அது தான் பொடுகு. கொஞ்சம் தீவிரமானால் செபோரிக் டெர்மடைடிஸ்.

இதற்கு 2% கீட்டோகோனசோல் ஷாம்பு அருமையான மருந்து. வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். தலையில் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் விட்டுப் பிறகு அலச வேண்டும். போட்ட உடனே கழுவினால் மருந்து சாக்கடைக்குத் தான் போகும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சரி, வழுக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆண்களுக்கு வரும் வழுக்கை பூஞ்சையால் வருவது இல்லை. தண்ணீர் மாறியதால் வருவதும் இல்லை. ஹெல்மெட் போட்டதாலும் இல்லை. (தயவு செய்து ஹெல்மெட் போடுங்கள்.)

1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்றைக் கண்டறிந்து எழுதினார். பருவம் அடைவதற்கு முன்பே விதைப்பைகளின் செயல்பாட்டை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்குகிறது. ஆக, பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தால் தான் வழுக்கை.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.ஹெச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அதற்கு வசப்படும் முடிவேர்கள், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. தடிமனான முடி மெல்லியதாகி, மெல்லியது பூனை முடியாகி, கடைசியில் வெறும் தோல் தான் மிச்சம்.

இதை மெதுவாக்க நல்ல ஆதாரம் உள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, தலையில் தடவும் மினாக்சிடில். ரத்தக் கொதிப்புக்காக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. இன்னொன்று, அந்த 5 ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை. 1997-ல் ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்றது.

அடுத்த வருடம், 1998-ல், பெல்ஜியத்தில் இருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. கீட்டோகோனசோல் ஷாம்பு பற்றிய இத்தனை வீடியோக்களுக்கும் மூலம் பெரும்பாலும் அது தான். வழுக்கை விழும் ஆண்களில் சிலருக்கு 2% கீட்டோகோனசோல் ஷாம்பு, சிலருக்குச் சாதா ஷாம்புவுடன் 2% மினாக்சிடில். முடியின் அடர்த்தியும் தடிமனும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியதாக எழுதினார்கள்.

கேட்க நன்றாகத் தானே இருக்கிறது? ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 2005-ல் ஜப்பானில் எலிகளுக்குத் தடவியும் முடி வளர்ந்ததைப் பார்த்தார்கள். ஆனால் எலியின் முதுகும் நம் உச்சந்தலையும் ஒன்றல்ல.

தலைத்தோலின் அழற்சி குறைவதால் முடிக்கு நல்லது நடக்கலாம். அந்த இடத்தில் மட்டும் ஹார்மோனின் வேலையைக் கொஞ்சம் தடுக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. "லாம்" தான். "கும்" இல்லை.

வீடியோக்களில் இந்த "லாம்" காணாமல் போய்விடுகிறது.

மாத்திரைக்கு வருவோம்.

கீட்டோகோனசோல் மாத்திரை அதிக அளவில் உடலின் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கும் என்பது உண்மை. அதனால் தான் ஒரு காலத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். முடிக்காக அதைச் சாப்பிடுவது, எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவது மாதிரி. ஹார்மோன் குறைந்தால் ஆண்களுக்கு மார்பகம் பெருக்கும், ஆசை குறையும்.

அதை விட முக்கியம் கல்லீரல். எல்லோருக்கும் பாதிப்பு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. இதனால் 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, பூஞ்சை நோய்க்கான இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொன்னது. அதே மாதம் அமெரிக்காவும் கடுமையான கட்டுப்பாடு போட்டது.

ஷாம்புவுக்கு இந்த ஆபத்து கிடையாது. அது தோல் வழியாக ரத்தத்துக்குள் போவது இல்லை என்றே சொல்லலாம். மிஞ்சிப் போனால் கொஞ்சம் எரிச்சல், முடி வறட்சி. பெயர் ஒன்று தான். ஆனால் குப்பியில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் உங்கள் உடம்புக்கு இரண்டு வேறு விஷயங்கள்.

இப்போது என் கதை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே என் நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு வழுக்கை. தாத்தாவுக்கும் வழுக்கை. விடுதியில் என் பட்டப்பெயர் "ஏர்போர்ட்".

அந்த பெல்ஜியம் ஆய்வை நான் படித்தேன். டாக்டருக்குப் படிக்கிறவன், அதனால் அதன் குறைகளும் எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் "மாதிரி அளவு போதாது" என்று அழகாக எழுதி மார்க் வாங்கியிருப்பேன்.

ஆனால் என் தலைக்கு அதையே நம்பினேன். இரண்டு வருடம், வாரம் மூன்று முறை. ஷாம்பு மட்டும்.

ஏன் தெரியுமா? மினாக்சிடில் என்றால் தினமும் தடவ வேண்டும். நிறுத்தினால் வளர்ந்தது கொட்டிவிடும். ஃபினாஸ்டிரைடு என்றால் பக்கவிளைவு பயம். இரண்டுக்கும் "எனக்கு வழுக்கை விழுகிறது" என்று ஒத்துக்கொண்டு ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஷாம்புவுக்கு எந்த முடிவும் வேண்டாம். எப்படியும் குளிக்கத் தானே போகிறோம்.

தங்கை கல்யாண ஆல்பம் வந்தது. மாடியில் இருந்து எடுத்த ஒரு போட்டோ. மணமக்களுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் வழுக்கைத் தலைக்காரர் யார் என்று ஒரு நொடி யோசித்தேன்.

அது நான் தான்.

தோல் நோய்ப் பிரிவில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு சீனியர் அக்காவிடம் போய் நின்றேன். தலையைப் பார்த்தார்.

"பொடுகு போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

"அப்போ ஷாம்பு அதோட வேலைய முடிச்சிடுச்சு. நீ ஏன்டா அதுகிட்ட வேற வேலையக் கேக்குற?"

பிறகு சிகிச்சை தொடங்கினேன். இருந்ததில் கொஞ்சம் காப்பாற்ற முடிந்தது. உச்சியில் போனது திரும்பவில்லை. இந்த மருந்துகள் இருக்கும் முடியைக் காப்பதில் தான் கெட்டி. முழுதாகச் சுருங்கிப் போன வேரை எழுப்புவதில் இல்லை. அந்த இரண்டு வருடம் தான் நான் கொடுத்த விலை.

எம்.பி.பி.எஸ். முடித்த நானே இப்படி என்றால், அந்தத் தம்பியிடம் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

அவனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாத்திரையை நிறுத்தியதும் மெதுவாகத் தேறினான். ஏழு வாரத்தில் கல்லீரல் அளவுகள் சரியாகிவிட்டன. அங்கேயே தோல் நோய்ப் பிரிவிலும் காட்டச் சொன்னேன். அவர்கள் பார்த்து லோஷன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லீரல் இப்போது தான் தேறியது, அதனால் மாத்திரை எதுவும் இல்லை.

போன மாதம் வந்தான். லோஷன் போட்டு நான்கு மாதம் ஆகிறது.

"முதல் மாசம் இன்னும் அதிகமா கொட்டிச்சு சார். ஆனா டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதனால நிறுத்தல."

வளர்ந்திருக்கிறதா என்று கேட்டான். "ஆறு மாசம் போகட்டும், இப்ப சொல்ல முடியாது" என்றேன். அது தான் உண்மை.

அம்மா மட்டும் கிளம்பும்போது என் தலையைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார். "பாரு கண்ணு, டாக்டரே இப்படித் தான் இருக்கறாரு. அவருக்குக் கல்யாணம் ஆகலியா?"

சிரித்துவிட்டேன். அந்த வார்த்தைக்கு எந்த லோஷனும் ஈடாகாது.

சுருக்கமாகச் சில விஷயங்கள்:

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

டெங்கு, கொரோனா போன்ற காய்ச்சல்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது பெரும்பாலும் தானாகத் திரும்பும்.

வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. அதற்குச் சிகிச்சை வேறு.

பொடுகும் அரிப்பும் இருந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பு தாராளமாகப் பயன்படுத்துங்கள். வழுக்கைக்குச் சிகிச்சை எடுப்பவர்கள், டாக்டர் சொன்னால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பி வருடங்களைக் கடத்தாதீர்கள்.

ஃபினாஸ்டிரைடு டாக்டரிடம் பேசித் தான் தொடங்க வேண்டும். சிலருக்குப் பாலியல் ரீதியான பக்கவிளைவுகளும் மனச்சோர்வும் வரலாம். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

கீட்டோகோனசோல் மாத்திரை முடிக்கான மருந்து இல்லவே இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவு தான்.

எதுவும் வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்பதும் நல்ல முடிவு தான். வழுக்கையால் உயிர் போகாது. அதற்குப் பயந்து நாம் விழுங்கும் மாத்திரையால் போகலாம்.

உங்கள் வீட்டில் கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும் ஒரு தம்பி இருந்தால், இதை அவனுக்கு அனுப்புங்கள். கிண்டல் செய்யாமல் அனுப்புங்கள்.