படியும் சட்டமும்

நாம் வாங்கும் பொருள்களுட் சில பயன் கருதி வாங்கப்படுவன. சில பார்வை கருதி வாங்கப்படுவன. இரண்டும் வாழ்க்கைக்கு வேண்டியனவே. ஆயின், பார்வைக்கு வாங்கிய ஒன்றிடம் பயனை எதிர்பார்த்து நிற்கும் வேளையும் வாழ்விற் சிலபோது வந்துவிடுகின்றது. எனக்கு அத்தகைய வேளை 2018ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலே, மாணவர் நால்வர் உடனிருக்க வாய்த்தது.

புவிச்சரிதவியல் கற்பிப்பவன் நான். பாறையைக் கற்பிப்பவன் பாறை இருக்குமிடத்துக்குப் போயாக வேண்டும். அதன்பொருட்டு இரு வரிசை ஆசனங்களும் பின்புறத்தே திறந்த தட்டும் கொண்ட பழைய 'கப்' வண்டியொன்றை வாங்கியிருந்தேன். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி அது. வாங்கிய சில நாட்களில் அதன் இருமருங்கும் பளபளக்கும் குழாய்ப் படிகளைப் பொருத்துவித்தேன். கண்ணாடி போல முகங்காட்டும் அப்படிகள் வண்டிக்கு ஒரு வீரத் தோற்றத்தையும் அளித்தன. களப்பயணங்களில் எமக்கு வண்டியோட்டி வரும் பெரியவர் குனிந்து அவற்றின் அடிப்புறத்தைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தட்டினார்.

"சேர், கால் வச்சு ஏறுறதுக்கு இது சரி. கல்லுல குந்துனா தாங்காது" என்றார்.

"வண்டிக்கு அழகாயிருக்கிறதே, அண்ணே" என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்காகச் சிரித்தார்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திராத நாள் அது. கிராமமொன்றுக்குச் செல்லும் கற்பாதையில், வைரம் பாய்ந்த குவாட்சைற்றுப் பாறையொன்று குறுக்கே படிபோல் எழுந்து நின்றது. முன்சக்கரம் அதன்மீது ஏறியதும், ஈரத்தில் வழுக்கி இடப்புறமாக இறங்கிற்று. வண்டியின் இடது விலா பாறை விளிம்பில் அமர்ந்தது. வெண்கலப் பாத்திரத்தை மிதித்தாற்போல ஓரோசை கேட்டது. படியைத் தாங்கிய மெல்லிய தகடுகள் மடிந்து, குழாய் உள்ளே தள்ளப்பட்டு, கதவுகளின் கீழுள்ள உடற்பகுதியை நசுக்கிவிட்டது. இடப்புறக் கதவுகள் இரண்டும் இறுகிக்கொண்டன. அப்பக்கத்தே பின்னாசனத்திலிருந்த மாணவிக்கு இழுப்பு நோய் உண்டு. அச்சத்தில் அவளுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. சரிந்து நின்ற வண்டியில் வலப்புறமாக ஒருவர்பின் ஒருவராக மேலேறி வெளிவந்தோம். ஒவ்வோர் அசைவுக்கும் வண்டி மேலும் சரிந்துவிடுமோ என்று நெஞ்சு பதைத்தது. அவளைக் கடைசி ஆளாகவே எடுக்க முடிந்தது. அதற்குச் சென்ற சில நிமிடங்களை நான் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பின்னர் வண்டியை உயர்த்தலாமென்று ஜக்கை அப்படியின் கீழ் வைத்தபோது, எஞ்சியிருந்த தகடும் வளைந்தது. கிராமத்தவர் கம்புகளும் கயிறும் கொண்டுவந்து எம்மை மீட்டனர். பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன் பின்னரே 'ரொக் ஸ்லைடர்' என வழங்கும் உறுப்பைப் பற்றி அறிய முற்பட்டேன். தமிழில் இதனைப் பாறைச் சறுக்குச் சட்டம் எனலாம். தோற்றத்தில் இதுவும் படியை ஒத்ததே. வேறுபாடு அது எதனைப் பற்றி நிற்கின்றது என்பதிலேயே உண்டு. அழகுப்படி பெரும்பாலும் வண்டியின் உடற்றகட்டையோ, மெல்லிய தாங்கிகளையோ பற்றி நிற்பது. ஏறுபவர் ஒருவரின் எடையே அதன் கணக்கு. சறுக்குச் சட்டமோ வண்டியின் முதுகெலும்பாகிய அடிச்சட்டத்தைப் பற்றி நிற்பது; வண்டியின் பாதி எடையே அதன் கணக்கு. பாறை மோதும்போது உடற்பகுதிக்கு முன்னே தான் அடியேற்று, வண்டியைத் தன்மீது வழுக்கிச் செல்லவிடுவது அதன் தொழில்.

தேர்வில் முதலாவது சிக்கல் உயரம் பற்றியது. இரு சக்கரங்களுக்கும் நடுவே வண்டியின் வயிறு எவ்வளவு கூரிய மேட்டைக் கடக்கும் என்பதை ஒரு கோணத்தால் அளப்பர். என் வண்டியின் சக்கர இடைத்தூரம் ஏறத்தாழ 3 மீற்றர். கதவின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 சென்ரிமீற்றர். சக்கரத்தின் வளைவைப் புறக்கணித்துக் கணித்தால் அக்கோணம் ஏறத்தாழ 23 பாகை. சட்டம் 4 சென்ரிமீற்றர் தாழ்ந்து தொங்குமாயின் அது 20 பாகையாகக் குறைந்துவிடும். ஆகவே சட்டம் உடலை ஒட்டியே இருத்தல் வேண்டும். ஆயின் முற்றாக ஒட்டவும் கூடாது. இத்தகைய வண்டிகளில் உடல், அடிச்சட்டத்தின்மேல் இறப்பர் மெத்தைகளில் அமர்ந்திருப்பதால் ஓட்டத்தில் அசையும். சட்டமும் சுமையில் சிறிது வளையும். ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் இடைவெளி விடுவதென முடிவு செய்தோம்.

இரண்டாவது சிக்கல் வலிமை. பொறியியற் பீடத்து நண்பர் ஒருவர் தேநீர் மேசையில் அமர்ந்தபடி கணக்கிட்டுக் காட்டினார். சுமையுடன் வண்டியின் எடை 2,400 கிலோகிராம் எனக் கொள்வோம். ஒரு பக்கம் முழுவதும் சட்டத்தில் அமர்ந்தால் 1,200 கிலோகிராம். அது அடிச்சட்டத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளி, ஒரே காலின் நுனியில் விழுமாயின், 50 மில்லிமீற்றர்ச் சதுரமும் 5 மில்லிமீற்றர்ச் சுவர்த் தடிப்பும் உடைய உருக்குக் காலில் எழும் தகைப்பு, சாதாரண உருக்கு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிடும். வண்டி மெதுவாக அமராமல் மேலிருந்து விழுந்தால் நிலை இன்னும் மோசம். "எனவே பக்கத்துக்கு நான்கு கால்கள் வை, சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும்" என்றார்.

வேலையை மாத்தளைப் பக்கத்துப் பட்டறையொன்றில் ஒப்படைத்தேன். அங்கிருந்த முதியவர் இரும்புடனேயே வாழ்ந்து நரைத்தவர். நான் தடித்த குழாயொன்றைச் சுட்டியபோது தலையசைத்து மறுத்தார்.

"கொழா பெருசானு பாக்காதீங்க தம்பி. சொவரு எவ்வளவு மொத்தம்னு பாருங்க."

நாகம் பூசிய தண்ணீர்க் குழாயையும் அவர் தொடவில்லை. வெல்டிங் செய்யும்போது அதிலிருந்து எழும் புகை நெஞ்சுக்கு ஆகாதது. பூச்சைச் சுரண்டாமல் ஒட்டினால் ஒட்டும் நன்றாகப் பிடிக்காது. ஈற்றில் 60 மில்லிமீற்றர் விட்டமும் 4 மில்லிமீற்றர்ச் சுவரும் கொண்ட பூச்சற்ற உருக்குக் குழாய் தெரிவாயிற்று.

சட்டத்தை அடிச்சட்டத்தோடு நிரந்தரமாக ஒட்டிவிடுவதா, சுரையாணிகளாற் பூட்டுவதா என்பது அடுத்த வினா. ஒட்டுவது உறுதியானதுதான். ஆயின் அடிச்சட்டத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக இடும் ஒட்டு, அவ்விடத்து உலோகத்தைச் சூட்டினால் மாற்றி, நாளடைவில் வெடிப்புக்கு வழிகோலக்கூடும். பூட்டினால், நசுங்கிய சட்டத்தைக் கழற்றித் திருத்தலாம். நாம் பூட்டுவதையே தெரிந்தோம். அடிச்சட்டம் உள்ளீடற்ற பெட்டி வடிவினது. சுரையாணியை இறுக்கினால் பெட்டி நசுங்கும். அதனைத் தடுக்க ஒவ்வொரு துளையினுள்ளும் சிறு குழாய்த் துண்டொன்றைச் செருகினார். காலுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே 6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள அகன்ற தகடுகளை வைத்துச் சுமையைப் பரப்பினார்.

துளையிடுமுன் அடிச்சட்டத்தின் உட்புறத்தே ஓடும் எரிபொருட் குழாயையும் தடுப்புக் குழாயையும் மின்கம்பிகளையும் கைவிளக்கால் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். இடத்தை அளந்து பொட்டு ஒட்டு இடுவதற்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார்; முழு ஒட்டையும் சட்டத்தை வெளியே எடுத்துவைத்தே செய்தார். கால்கள் வெளிநோக்கிச் சற்றே மேலெழும்பும்படி சாய்ந்திருந்தன. பின்னந்தம் சிறிது வெளியே வளைந்திருந்தது. திரும்பும்போது பாறையோ மரமோ உரசினால், அவ்வளைவு வண்டியின் பின்பகுதியை அப்பால் ஒதுக்கிவிடும். குழாயின் அடியில் நீர் வடியச் சிறு துளைகளும் இட்டார். இரு சட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் எடை. அவ்வெடையைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும் என்பதை மறைப்பதற்கில்லை.

வேலை முடிந்ததும் அவர் ஜக்கைச் சட்டத்தின் நடுவே வைத்து உயர்த்தினார். அப்பக்கத்து இரு சக்கரங்களும் தரையை விட்டெழுந்தன. "இப்பக் கதவத் தொறந்து பாருங்க" என்றார். இரு கதவுகளும் தடையின்றித் திறந்தன, தடையின்றி மூடின. கதவொன்று திறக்கும் ஓசையில் மனம் நெகிழுமென்று அதற்கு முன்னர் நான் அறிந்ததில்லை.

2019ஆம் ஆண்டில் அதே பாதையாற் சென்றோம். அதே பாறை. இம்முறையும் சக்கரம் வழுக்கிற்று. கனத்த ஓரோசையுடன் வண்டி சட்டத்தின்மீது அமர்ந்து, சில அங்குலம் சறுக்கி, தானே இறங்கிற்று. பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கறுப்புப் பூச்சில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், வேறொன்றுமில்லை. முந்திய ஆண்டில் மூச்சுத் திணறிய மாணவி அன்றும் வந்திருந்தாள். இம்முறை வலப்புற ஆசனத்தையே கேட்டு அமர்ந்திருந்தாள். அவள் அக்கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, திரும்புகையில் இடப்புறத்தே அமர்ந்துகொண்டாள். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுவே.

ஒன்று கூறி முடிக்கலாம். சறுக்குச் சட்டம் எல்லாப் பாறைகளிலும் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. அது பிழை நேர்ந்தபின் காக்கும் கருவி. பிழை நேராமற் காப்பது ஓட்டுபவரின் கண்ணும், அவர் சொல்லைக் கேட்பவரின் செவியுமே. மழையில் நனைந்த பாதையைச் சக்கரங்களாற் கிழித்துச் செல்வது மலைக்கும் செய்யும் தீங்காகும். இப்போது மழை பலத்தால் நாம் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு நடக்கிறோம்.

அக்கீறலுக்குத் துருவேறாதிருக்கப் பூச்சுப் பூசினேன். பளபளப்பாக்கவில்லை. வாரமொருமுறை சுரையாணிகளின் இறுக்கத்தைப் பார்க்கும் பெரியவர், அதனருகே வரும்போது விரலால் ஒருமுறை தட்டுவார். இப்போது அது வேறு விதமாக ஒலிக்கின்றது.