ஏரியின்மேல் ஒரு நகரம்

தமிழ்நாட்டின் தலைநகராகிய சென்னையைப் பல ஊர்களின் கூட்டம் எனலாம். 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் கடலோர மணற்பரப்பொன்றைப் பெற்றுக் கோட்டை எழுப்பினர். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலாய தொல்லூர்கள் காலப்போக்கில் அதனோடு இணைந்தன. இடைக்கிடந்த வயல்களும் ஏரிகளும் மனைநிலங்களாயின.

நம்மவர் சேலை வாங்க விரைந்தோடும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்து அமைத்ததாகும். அதன் அயலிலே, மேற்கு மாம்பலத்தில், 'லேக் வியூ சாலை' என்றொரு பெயர்ப்பலகை கண்டோம். ஏரி எங்கே? பெயரில் மட்டுமே உளது. நுங்கம்பாக்கத்து ஏரி கிடந்த இடத்திலோ 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாக வைத்த புலவருக்குத் தூர்ந்த ஏரியிலே கோட்டம்! குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இது சற்றே அச்சந் தந்தது.

2015 திசெம்பரில் பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர, அடையாறு கரைபுரண்டு வீடுகளுட் புகுந்தது. நான்காண்டு கழியுமுன், 2019 கோடையில், நகருக்கு நீரூட்டும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. யூலையிலே, 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் குடிநீர் வந்தது. ஏரியின்மேல் எழுந்த வீதிகளிலும் மக்கள் குடங்களோடு தண்ணீர் லொறிக்குக் காத்து நின்றனர்.